திரையில்லாத சர்வரை முதன்முறை நிறுவியபோது நான் இழந்தவை

2023 செப்டம்பர் கடைசியில், திருப்பூரில் உள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வரை மாற்றிக் கொடுக்கும் வேலையைத் தனியாளாக ஏற்றுக்கொண்டேன். அங்கே ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த நீட்டிப்பு ஆதரவு அந்த ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடியவிருந்ததால், அதற்குள் 2022 பதிப்புக்கு மாறிவிட வேண்டும் என்று நானே முதலாளியிடம் எடுத்துச் சொல்லி, 40,000 ரூபாய்க்குக் கூலி பேசியிருந்தேன். ஏறக்குறைய 60 கணினிகள், நான்கு லேபிள் பிரிண்டர்கள், ஒரு வைஃபை, அவ்வளவுதான் அலுவலகம். சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலைக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். முடிந்தது புதன்கிழமை நள்ளிரவில். பேசிய கூலியில் 15,000 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். என் கைக்காசில் 6,800 ரூபாய் போயிற்று. அந்த மூன்று நாள்களில் போக வேண்டிய இன்னொரு வாடிக்கையாளரின் வேலையும் வேறொருவருக்குப் போய்விட்டது. இவற்றுக்கெல்லாம் காரணம், வரைகலை இடைமுகம் (சுட்டியால் அழுத்தி வேலை செய்யும் சாளரங்கள்) இல்லாத சர்வர் ஒன்றை ஆள்வதற்கு முன்கூட்டியே என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று தெரியாமல் நான் அதில் இறங்கியதுதான்.

சர்வர் 2022-ஐ நிறுவும்போது வரும் பட்டியலில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் இரண்டு முறை இருக்கும். ஒன்று வெறும் ஸ்டாண்டர்ட். மற்றொன்றின் பக்கத்தில் டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொற்கள் சேர்ந்திருக்கும். அந்தச் சொற்கள் இல்லாததுதான் சர்வர் கோர். பட்டியலில் முதலில் நிற்பதும் அதுவே. இரவு ஒன்பது மணிக்கு, இரண்டையும் ஒழுங்காகப் படிக்காமல், முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து அடுத்ததை அழுத்திவிட்டேன். நிறுவி முடித்துக் கடவுச்சொல்லை வைத்து உள்ளே நுழைந்தபோது ஸ்டார்ட் பட்டனும் இல்லை, டாஸ்க்பாரும் இல்லை. கறுப்புத் திரையில் எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியல் மட்டும் நின்றது. அப்போதே வட்டை மீண்டும் போட்டிருந்தால் அரைமணி நேரத்தோடு போயிருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. சர்வர் கோருக்கு நினைவகம் குறைவாகப் போதும், தாக்கப்படக்கூடிய பரப்பும் குறைவு என்று படித்திருந்தேன். தவறுதலாக வந்தது நல்லதாகவே வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு தைரியமும் இருந்தது: பிடிக்காவிட்டால் பிறகு திரையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு 2012 ஆர்2 காலத்தது. அந்தப் பதிப்பில் ஒரே கட்டளையில் வரைகலைப் பகுதியைச் சேர்க்கலாம், ஒரே கட்டளையில் நீக்கலாம். நானே பல முறை செய்திருக்கிறேன். 2016 பதிப்பிலிருந்து அந்த வழியை அடைத்துவிட்டார்கள். நிறுவும்போது எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதுதான் கடைசிவரை. மாற வேண்டுமென்றால் முதலிலிருந்து மீண்டும் நிறுவ வேண்டும். திங்கட்கிழமை நான் அந்தப் பழைய கட்டளையைத் தட்டியபோது, அப்படியொரு அம்சத்தின் பெயரே செல்லாது என்று சிவப்பெழுத்தில் பதில் வந்தது. ஆகவே, பழைய பதிப்பில் பழகிய கையோடு புதிய பதிப்பில் இறங்குகிறவர்கள், இந்த ஒன்றையாவது முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடை நெட்வொர்க் கார்டு. செலவைக் குறைப்பதற்காக நிறுவனத்தார் பிராண்டட் சர்வர் வாங்காமல், மேசைக் கணினிக்கான போர்டில் ஒரு பெட்டியைச் சேர்த்து வாங்கியிருந்தார்கள். அந்தப் போர்டில் இருந்தது இன்டெல் ஐ219-வி. இன்டெல் அந்தச் சிப்புக்குத் தரும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வீட்டுப் பயன்பாட்டு விண்டோஸுக்கானது. சர்வர் பதிப்பில் நிறுவ மறுத்துவிடும். திரை இருந்திருந்தால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியைப் பார்த்து ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பேன். இங்கே நெட்வொர்க் அடாப்டர்களைக் காட்டும் கட்டளையைத் தட்டினால், எந்தப் பிழையும் சொல்லாமல் வெற்று வரி ஒன்று வந்து நின்றது. அந்த வெறுமையின் பொருள் என்னவென்று கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பென்டிரைவில் டிரைவரைக் கொண்டுவந்து பிஎன்பியூட்டில் என்ற டிரைவர் ஏற்றும் கட்டளை மூலம் ஏற்றிப் பார்த்தேன். கோப்பு ஏறியது, கார்டு எழவில்லை. டிரைவரின் ஐஎன்எஃப் என்ற விவரக் கோப்பைத் திருத்தி, கையொப்பச் சோதனையை அணைத்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பரிசோதனைக்கு அது சரி, ஓர் அலுவலகம் நம்பியிருக்கும் இயந்திரத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு காலை பழக்கமான கடைக்காரரைத் தொலைபேசியில் எழுப்பி, இன்டெல் ஐ350 சிப் உள்ள, இரண்டு போர்ட் கொண்ட சர்வர் கார்டு ஒன்றை 6,800 ரூபாய்க்கு வாங்கி வந்து செருகினேன். எந்த டிரைவரும் கேட்காமல் அது உடனே எழுந்தது. கோர் நிறுவப்போகும் பெட்டியில் என்ன நெட்வொர்க் கார்டு, என்ன ரெய்டு கார்டு (பல வட்டுகளை இணைத்து ஆள்வது) இருக்கிறது, அவற்றுக்குச் சர்வர் பதிப்புக்கான டிரைவர் உண்டா என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுவது நல்லது. நெட்வொர்க் இல்லாத கோர் சர்வர், கதவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்துவிட்ட வீடு.

அடுத்தது கடிகாரம். புதிதாக நிறுவிய சர்வர் அமெரிக்காவின் பசிபிக் நேர மண்டலத்தில் இருந்தது. நேரம் தவறாகத் தெரிகிறதே என்று, மண்டலத்தை மாற்றாமல் மணியை மட்டும் கட்டளையால் திருத்திவிட்டேன். திரையில் நம் ஊர் மணி சரியாகத் தெரிந்தது; உள்ளே உலகப் பொதுநேரம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னே ஓடிப்போயிருந்தது. டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒன்றாக ஆளும் குழுவில்) நுழைவதற்கான கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை ஐந்து நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். டொமைனில் சேர்க்கப் போனால், இரண்டு இயந்திரங்களின் நேரமும் பொருந்தவில்லை என்று வந்தது. ஆனால் கண்ணுக்கு இரண்டிலும் ஒரே மணிதான். எஸ்கான்ஃபிக் பட்டியலில் 9-ஐ அழுத்தினால் நேரத்துக்கும் மண்டலத்துக்கும் உரிய பழைய சிறு பெட்டியே திறக்கும் என்பதைப் பிறகுதான் கண்டேன். கோர் என்றால் சாளரமே திறக்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நோட்பேட், ரெஜிஸ்ட்ரி எடிட்டர், டாஸ்க் மேனேஜர் எல்லாம் அதில் திறக்கும்.

டாஸ்க் மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டளைச் சாளரத்தில் பழக்கதோஷத்தால் எக்ஸிட் என்று தட்டினால் அந்தச் சாளரமும் மூடிக்கொண்டு, வெறும் கறுப்புத் திரை மிஞ்சும். முதல் முறை அப்படி ஆனபோது இயந்திரம் செத்துவிட்டது என்று எண்ணிப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்; செய்யக் கூடாத காரியம் அது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஃபைல் மெனுவில் புதிய பணியைத் தொடங்கச் சொல்லிப் பவர்ஷெல் என்று தட்டினால் போதும், கட்டளைச் சாளரம் திரும்பிவிடும்.

ஞாயிறு நண்பகலில், ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை மென்பொருளாக ஓட்டும் ஹைப்பர்-வி எழுந்ததும், அதற்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களையும் கோராகவே நிறுவினேன். ஒன்று டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை ஆள்வது), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றுவது), டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுப்பது) ஆகிய மூன்றுக்கும். மற்றொன்று கோப்புகளுக்கும் பிரிண்டர்களுக்கும். ஸ்டாண்டர்ட் உரிமம், ஹோஸ்டை (பெட்டியில் நேரடியாக நிறுவிய சர்வரை) ஹைப்பர்-விக்கு மட்டும் பயன்படுத்தும் பட்சத்தில், இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு இடம் தருகிறது. இந்தக் கட்டத்தில் கோர் என்னை வியக்கவைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆக்டிவ் டைரக்டரி என்ற டொமைன் பதிவேட்டுக்கான ரோலைச் (சர்வருக்குத் தரும் பணியைச்) சேர்ப்பது ஒரு வரி, பழைய டொமைனில் கூடுதல் கன்ட்ரோலராக உயர்த்துவது இன்னொரு வரி, ஐந்து தலைமைப் பொறுப்புகளையும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது மூன்றாவது வரி. பழைய சர்வரில் டிஹெச்சிபி அமைப்புகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து புதியதில் இறக்குமதி செய்தேன். ஸ்கோப்புகள் (முகவரி வரம்புகள்), ஒதுக்கீடுகள், லீஸ்கள் (கணினிகளுக்குத் தவணை வைத்துக் கொடுத்த முகவரிகள்) எல்லாம் அப்படியே வந்துவிட்டன. சுட்டியை நகர்த்திப் பத்துத் திரைகளைக் கடக்கும் வேலை, கால் மணி நேரத்தில் முடிந்தது. ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை எட்டே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, ஒரு சிஸ்டத்துலயும் நெட்வொர்க் வரலீங்க, பேக்கிங்ல லேபிள் அடிக்க முடியாம லாரி நிக்குதுங்க" என்றார் கணக்குப் பிரிவு அண்ணன். போய்ப் பார்த்தால் எல்லாக் கணினியும் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு உட்கார்ந்திருந்தன. டிஹெச்சிபி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. சர்வரில் சேவை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கோப்பைக் காட்டச் சொன்னால், செயல்பாட்டில் இருப்பதாகவே காட்டியது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் நல்ல பதிலையே சொன்னது. கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியவில்லை.

காரணம் எளியது. டொமைனில் உள்ள டிஹெச்சிபி சர்வரை ஆக்டிவ் டைரக்டரியில் அங்கீகரிக்க வேண்டும். அங்கீகரிக்காதவரை அது முகவரி கொடுக்காது. இறக்குமதி அந்த அங்கீகாரத்தைக் கொண்டுவருவதில்லை. திரையுள்ள சர்வரில் ரோலைச் சேர்த்ததும் சர்வர் மேனேஜரின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் தோன்றி, டிஹெச்சிபி அமைப்பை முடிக்கச் சொல்லி நச்சரிக்கும். பல ஆண்டுகளாக அந்த நச்சரிப்பை அழுத்தி அழுத்தியே வேலை செய்துவந்த எனக்கு, அது ஒரு தனிப் படி என்பதே மறந்துபோயிருந்தது. கோர் யாரையும் நச்சரிக்காது. வரைகலை இடைமுகம் அழகுக்காக இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். அது எனக்குப் பதிலாக நினைவில் வைத்துக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

என் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தது. இடமாற்றத்துக்கு முன் லீஸ் காலத்தைக் குறைப்பது நல்ல வழக்கம் என்று, வெள்ளிக்கிழமையே வழக்கமான எட்டு நாளை ஒரு மணி நேரமாக்கியிருந்தேன். எட்டு நாளாகவே விட்டிருந்தால் பெரும்பாலான கணினிகள் பழைய முகவரியோடு திங்களைக் கடத்தியிருக்கும். நான் பதற்றமில்லாமல் தேடியிருக்கலாம். ஞாயிறன்று சோதித்தபோது நான் பயன்படுத்திய கணினிக்கோ நிலையான முகவரி. ஆகவே அதில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. புதிய டிஹெச்சிபியைச் சோதிக்கிறவர், தானாக முகவரி பெறும் ஒரு கணினியை அணைத்து மறுபடி எழுப்பிப் பார்க்காமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

கடைசியில் சிஸ்டம் நிகழ்வுப் பதிவை வரிவரியாகப் பவர்ஷெல்லில் ஓட்டிப் பார்த்தபோதுதான் 1046 என்ற எண் கண்ணில் பட்டது. சேவைக்கு அங்கீகாரம் இல்லை என்பதைச் சொல்லும் எண் அது. அங்கீகரிக்கும் கட்டளை ஒன்று, சேவையை மறுதொடக்கம் செய்யும் கட்டளை ஒன்று, இரண்டு நிமிடத்தில் அலுவலகம் உயிர்பெற்றது. அதற்குள் மணி பதினொன்றரை ஆகியிருந்தது. லாரி ஒரு நடை தவறியது. 15,000 ரூபாய் கழிந்தது இந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்காகத்தான். முதலாளி சத்தம் போடவில்லை, "நீங்க இதுக்கு முன்னாடி இத செஞ்சிருக்கீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் காதில் நிற்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கோளாறு பத்து நொடியில் தெரிந்திருக்கும், ஒரு மேலாண்மைக் கணினி என்னிடம் தயாராக இருந்திருந்தால். இதுதான் நான் யாரிடமாவது முன்பே கேட்டுத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சர்வர் கோரில் திரை இல்லை என்பது பாதி உண்மை. அந்தத் திரை இன்னொரு கணினிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். டிஹெச்சிபி, டிஎன்எஸ், ஆக்டிவ் டைரக்டரி ஆகியவற்றுக்குப் பழகிய அதே சாளரங்களை விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள ஒரு கணினியில் ஆர்எஸ்ஏடி என்ற பெயரில் நிறுவிக்கொண்டு, அங்கிருந்தே சர்வரைத் தொடலாம். அதில் டிஹெச்சிபி சாளரத்தைத் திறந்திருந்தால், அங்கீகாரம் இல்லாத சர்வரின் மேல் சிவப்பு அம்பு தெரிந்திருக்கும். என் மடிக்கணினியில் இருந்ததோ ஹோம் பதிப்பு. அதில் ஆர்எஸ்ஏடி கிடைக்காது, புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். கணக்குப் பிரிவின் புரோ கணினி ஒன்றைக் கடன் வாங்கினேன். அது புதுப்பிப்புகளை அலுவலகத்தின் சொந்த டபிள்யூசஸ் சர்வரிலிருந்து எடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்ததால், ஆர்எஸ்ஏடி இறங்க மறுத்தது. அந்த அமைப்பைத் தற்காலிகமாக நீக்கி, நேராக மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. பிறகு ஃபயர்வால். பவர்ஷெல் வழியான தொலை மேலாண்மை, 5985 என்ற போர்ட்டில், தொடக்கத்திலேயே திறந்திருக்கும்; ஆனால் ஈவென்ட் வியூவரையும் (நிகழ்வுப் பதிவைக் காட்டுவது) டிஸ்க் மேனேஜ்மென்டையும் (வட்டுகளை ஆள்வது) தொலைவிலிருந்து திறக்க, அவற்றுக்குரிய விதித்தொகுதிகளைத் தனித்தனியே இயக்க வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டுக்கு உரிய விதியைச் சர்வரில் மட்டும் திறந்தால் போதாது, கேட்கும் கணினியிலும் திறக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல் செவ்வாய் மாலை முழுவதும் போயிற்று. உலாவியிலிருந்தே ஆள விரும்புகிறவர்களுக்கு விண்டோஸ் அட்மின் சென்டர் இருக்கிறது, இலவசம்தான். ஆனால் அதை டொமைன் கன்ட்ரோலரிலேயே நிறுவக் கூடாது, தனிக் கணினியில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் இயந்திரத்தின் ஐ.பி. முகவரியைத் தவறாக மாற்றி, தொடர்பை நாமே துண்டித்துக்கொண்டாலும், ஹைப்பர்-வி ஹோஸ்டிலிருந்து பவர்ஷெல் டைரக்ட் மூலம் நெட்வொர்க்கே இல்லாமல் அதற்குள் நுழையலாம். 2016 முதல் இருக்கும் வசதி. அந்த வாரம் என்னை மூன்று முறை காப்பாற்றியது.

செவ்வாய்க்கிழமை வைஃபை முறை. பழைய சர்வரில் நெட்வொர்க் பாலிசி சர்வர் என்ற ரோல், வைஃபையில் நுழைகிறவர்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்துவந்தது. அது கோரில் கிடையாது. கட்டளை தவறா, பதிப்பு தவறா என்று அரைநாள் குழம்பிய பிறகே, எந்தெந்த ரோல்கள் கோரில் இல்லை என்ற மைக்ரோசாஃப்டின் பட்டியலைத் தேடிப் படித்தேன். நிறுவுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டியது. டொமைன், டிஎன்எஸ், டிஹெச்சிபி, சான்றிதழ் சேவை, கோப்புப் பகிர்வு, ஹைப்பர்-வி, ஐஐஎஸ் (இணையதள சேவை), டபிள்யூசஸ் இவையெல்லாம் கோரில் நன்றாக ஓடும். நெட்வொர்க் பாலிசி, ஃபேக்ஸ், பலர் ஒரே நேரத்தில் நுழைந்து வேலை செய்யும் ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட் ஆகியவை ஓடா. ரோல்களைவிடப் பெரிய தொல்லை, வெளியாரின் மென்பொருள்கள். நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்கு உரிமம் தரும் சிறு நிரல் திரையில்லாமல் நிறுவிக்கொள்ளவே மறுத்தது. ஆப் காம்பாட்டிபிலிட்டி என்ற கூடுதல் அம்சத்தைச் சேர்த்துப் பார்த்தேன். எக்ஸ்ப்ளோரரும் ஈவென்ட் வியூவரும் டிஸ்க் மேனேஜ்மென்டும் கோரிலேயே திறந்தன, அந்த நிரல் மட்டும் அசையவில்லை. விற்றவரைக் கேட்டால், கோர் என்ற சொல்லையே அவர் அன்றுதான் கேள்விப்பட்டார்.

வேறு வழியின்றி இரண்டாவது மெய்நிகர் இயந்திரத்தை டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸோடு மீண்டும் நிறுவ முடிவெடுத்தேன். நான் அந்த வாரத்தில் தெரிந்து செய்த ஒரே நல்ல காரியம் இங்கே கைகொடுத்தது: கோப்புகளை இயங்குதள வட்டில் வைக்காமல் தனி மெய்நிகர் வட்டில் வைத்திருந்தேன். அந்த வட்டைக் கழற்றி, புதிதாக நிறுவிய இயந்திரத்தில் மாட்டியதும் கோப்புகளும் அவற்றின் அனுமதிகளும் அப்படியே இருந்தன. பகிர்வுப் பெயர்கள் பதினொன்றை மட்டும் மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. அவை பழைய இயங்குதளத்தின் ரெஜிஸ்ட்ரியில் இருப்பவை என்பதால் வட்டோடு வருவதில்லை. புதன் நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்கு வைஃபையில் என் கைப்பேசி நுழைந்தது.

ஹோஸ்டும் டொமைன் கன்ட்ரோலரும் இன்றும் கோராகவே ஓடுகின்றன. மாற்ற எண்ணமும் இல்லை. கன்ட்ரோலருக்கு 4 ஜிபி நினைவகமே கொடுத்திருக்கிறேன், குறை சொல்லாமல் ஓடுகிறது. கோருக்குப் புதுப்பிப்பே தேவையில்லை, மறுதொடக்கமே வராது என்று சிலர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மாதாந்திரப் புதுப்பிப்பு இதற்கும் வருகிறது, மறுதொடக்கமும் கேட்கிறது. யாரும் அந்தத் திரையில் உலாவியைத் திறந்து எதையும் இறக்க முடியாது என்பதுதான் எனக்குக் கிடைத்த உண்மையான லாபம். இப்போது புது வேலை வந்தால், பெட்டி வருவதற்கு முன்பே புரோ பதிப்புள்ள கணினி ஒன்றில் ஆர்எஸ்ஏடி நிறுவிச் சோதித்துவிடுகிறேன். ஓட வேண்டிய ஒவ்வொரு மென்பொருளையும் விற்றவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். ரோலைச் சேர்த்த பிறகு செய்ய வேண்டிய படிகளை என் நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடிக்கிறேன். இரவில் சர்வர் அறைக்குப் போகக்கூடிய எலக்ட்ரீஷியன் அண்ணனுக்காக, ரேக்கின் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறேன்: திரை கறுப்பாக இருந்தால் சர்வர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை, பவர் பட்டனைத் தொட வேண்டாம், எனக்குப் போன் செய்யவும்.